ரிலீஸுக்குப் பிறகு வந்த ஆன்லைன்: எந்த வழி நல்ல வழி?

கன்சோல் கேம் ஒன்று கடைக்கு வந்து மாதங்களோ வருடங்களோ ஆன பிறகு அதில் ஆன்லைன் மல்டிபிளேயரைச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. தனி மோடு ஒன்றைக் கட்டிச் சேர்க்கலாம், ஒரே அறையில் ஆடும் ஆட்டத்தை நெட்டுக்குத் திறந்துவிடலாம், அல்லது கேமின் உலகத்தையே பலர் நடமாடும்படி மாற்றலாம். ஜிடிஏ ஆன்லைனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2013 செப்டம்பரில் ஜிடிஏ 5 கேம், அக்டோபர் 1-ல் அதன் ஆன்லைன் என்பது முதலிலேயே போட்ட திட்டம்.

தனி மோடுக்குச் சிறந்த உதாரணம் கோஸ்ட் ஆஃப் சுஷிமா. 2020 ஜூலையில் சோனியின் பிஎஸ்4 கன்சோலுக்கு வந்தபோது அது முழுக்க முழுக்க ஒருவர் ஆடும் கேம். அக்டோபர் 16 அன்று சக்கர் பஞ்ச் நிறுவனம் 'லெஜண்ட்ஸ்' மோடை இலவச அப்டேட்டாகக் கொடுத்தது. கேமின் நாயகன் ஜின் சகாயின் கதையில் கை வைக்கவே இல்லை. வாள்வீச்சும் தடுப்பும் அதேதான். எதிரே நிற்பவர்களில் மட்டும் பேய்களும் ஓனி எனும் ஜப்பானிய அரக்கர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருவர் ஆடும் கதை மிஷன்கள், நால்வர் ஆடும் சர்வைவல் என்று பிரித்திருந்தார்கள்.

சர்வைவலில்தான் இதன் அருமை தெரியும். மூன்று இடங்களைக் காக்க வேண்டும், எதிரிகள் அலை அலையாக வருவார்கள். இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் அடி விழும்போது யார் எங்கே ஓடுவது என்பதை அந்த நொடியிலேயே முடிவுசெய்ய வேண்டும். விழுந்தவர்களை ஒரே மூச்சில் எழுப்பும் சக்தி, நாம் தேர்ந்தெடுத்து ஆடும் வீரர் வகைகளில் ஒன்றான ரோனினிடம் இருக்கிறது. அதை அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டால் அடுத்த அலையில் ஆட்டம் முடிந்தது. தனியாக ஆடும்போது இந்த வகைப் பதற்றம் வராது. குறை என்றால், மாத இறுதியில் வந்த ரெய்டு எனும் கடினமான குழு மிஷனுக்கு, கேமே ஆள் சேர்த்துத் தரும் மேட்ச்மேக்கிங் வசதியை வைக்கவில்லை; ஆளை நாமே சேர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழியில் வந்த சூப்பர் மாரியோ பார்ட்டியின் கதை வேறு. 2018 அக்டோபரில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தபோது சில மினிகேம்களை, அதாவது குட்டி ஆட்டங்களை, மட்டுமே ஆன்லைனில் ஆட முடிந்தது. பகடை உருட்டிப் பலகையில் நகரும் முக்கிய ஆட்டத்துக்கு எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். அது ஆன்லைனுக்கு வந்தது 2021 ஏப்ரல் 27 அன்றுதான்.

முறைவைத்து ஆடும் ஆட்டம் இது. ஒருவர் உருட்டும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், நெட் அரை நொடி தாமதித்தாலும் பகடைக்கு ஒன்றும் ஆகாது. 80 மினிகேம்களில் 70-ஐத் திறந்துவிட்டு, தாளத்துக்கு ஏற்ப ஆடும் விளையாட்டுகளை வெளியே நிறுத்தினார்கள். அது சரியான முடிவு. தாளத்தில் தாமதம் புகுந்தால் ஆட்டமே கிடையாது. ஆனால் இங்கே பேசும் மூன்று கேம்களில் இயல்பாகவே நெட்டுக்கு மிகவும் தோதான கேம் இதுதான். அதுவே இரண்டரை வருடம் காத்திருந்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம். 2020-ல் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது குடும்பங்களுக்கு இதைவிடத் தேவைப்பட்ட அப்டேட் வேறு என்ன இருந்திருக்க முடியும்? அதே 2021 அக்டோபரில் மாரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ் முதல் நாளிலிருந்தே ஆன்லைனோடு வந்துவிட்டது. பழையதை வாங்கியவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆறே மாதம்.

மூன்றாவது வழிக்கு உதாரணம், விண்வெளியில் கிரகம் கிரகமாகச் சுற்றும் நோ மேன்ஸ் ஸ்கை. 2016 ஆகஸ்டில் வெளியானபோது இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்துக்குப் போய் நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. ஏமாற்றம் பெரிதாக வெடித்தது. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் பதிலுக்கு வேலை செய்தது: 2017-ல் மற்றவர்கள் ஒளி உருண்டைகளாகத் தெரிந்தார்கள், 2018 ஜூலையில் 'நெக்ஸ்ட்' அப்டேட்டில் நால்வர் சேர்ந்து வீடு கட்டவும் பறக்கவும் முடிந்தது. அந்தக் கிரகங்களை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரே சூத்திரத்திலிருந்து ஒவ்வொரு கன்சோலும் தானே உருவாக்கிக்கொள்கிறது. ஆட்கள், கட்டடங்கள், தோண்டிய பள்ளங்கள் ஆகியவற்றை மட்டும் ஒத்துப்போக வைத்தால் போதும். அந்தப் பள்ளங்களே தலைவலியும் ஆயின: மாற்றங்களைச் சேமிக்க வரம்பு உண்டு என்பதால், தோண்டிக் கட்டிய வீட்டுக்குள் மண் திரும்ப வந்து நிறைந்துவிடும்.

என் வரிசையில் லெஜண்ட்ஸ்தான் முதலிடம். வாங்கியவரின் பழைய கேமைக் கெடுக்காமல், காசும் கேட்காமல், சேர்ந்து ஆடுவதற்கென்றே புதிதாக யோசித்த வேலை அது. சாதனை என்று பார்த்தால் நோ மேன்ஸ் ஸ்கைதான் பெரியது, ஆனால் அதை வேறு நிறுவனங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டத் தயங்குவேன். முதல் நாளில் இருக்கும் என்று நம்பி வாங்கியதற்கு இரண்டு வருடம் காத்திருப்பது எல்லோருக்கும் ஆகிற காரியமா?

அப்டேட்டே வராத கேம்கள்? கப்ஹெட்டை இருவர் ஆடலாம், ஆனால் ஒரே டிவி முன்னால்தான். பிஎஸ்4-ல் 2014 முதல் இருக்கும் ஷேர் பிளே வசதி அங்கே கைகொடுக்கும். நம் திரை நண்பருக்கு வீடியோவாகப் போகும், அவர் அழுத்தும் பட்டன் நமக்கு வரும், அவரிடம் கேம் இருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டிக்கும், திரும்ப இணைத்துக்கொள்ளலாம். தாமதம் முழுவதும் நண்பர் தலையில்தான் விழும். அதனால் இரண்டு பக்கமும் வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகுங்கள், அப்புறம் பெரிய எதிரியோடு மோதும் பாஸ் சண்டைகளில், கேமை ஓட்டும் கன்சோல் இருவரில் திறமை குறைந்தவர் வீட்டில் இருக்கட்டும்.