பெராபிட் சுரங்கத்தில் இடிஎஸ்: ஒரு தோட்டத்துக் கிராணியின் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ரயில் பாடாங் ரெங்காஸைத் தாண்டிச் சற்று நேரத்தில் காது லேசாக அடைக்கும். அதுதான் பெராபிட் சுரங்கம். நீளம் 3.3 கிலோமீட்டர்; போக ஒரு குழாய், வர ஒரு குழாய். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய இடிஎஸ் என்ற மின்சார ரயிலுக்கு இது இரண்டு நிமிட வேலைகூட இல்லை. உணவுப் பெட்டியில் வாங்கிய தேநீர் சிந்தாமல் தைப்பிங் வந்து சேர்ந்தேன். வசதியைப் பற்றி இவ்வளவு போதும்.

தீபாவளி வாரத்தில் சுங்கை சிப்புட் ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பும். டிக்கெட் எப்படிப் பறந்துவிடும் என்பது ஊரறிந்தது. என் அக்காள் மகன் இதற்கு மருந்து வைத்திருக்கிறான்: "ஹைப்பர்லூப் வரட்டும் மாமா, இந்தத் தொல்லையே இருக்காது." காற்றைப் பெரும்பாலும் உறிஞ்சி எடுத்த குழாய்க்குள், ஆட்களைக் கூண்டில் வைத்து அதிவேகமாக அனுப்பும் யோசனைதான் ஹைப்பர்லூப். நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன். லோரி எவ்வளவு விரைந்து வந்தாலும், ஆலையில் குலை கொட்டும் மேடை நிறைந்திருந்தால் வாசலில் வரிசைதான்.

ஆகவே அவனிடம் கணக்குக் கேட்டேன். 2013இல் எலான் மஸ்க் வெளியிட்ட ஹைப்பர்லூப் திட்டத்தில் ஒரு கூண்டுக்கு 28 பேர், சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு கூண்டு. மணிக்கு 840 பேர். ஆறு பெட்டி இடிஎஸ் ஒன்றில் முந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். மணிக்கு மூன்று ரயில் விட்டாலே அதைத் தாண்டிவிடும்!

நெரிசல் நேரத்தில் முப்பது விநாடிக்கு ஒன்று விடலாம் என்றும் அந்தத் திட்டம் சொல்கிறது. மணிக்கு 1,220 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளி சுமார் பத்துக் கிலோமீட்டர். புவியீர்ப்பில் பாதி அளவுக்கு, அதாவது வயிறு கலங்கும் அளவுக்கு, பிரேக் பிடித்தாலும் நிற்கப் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். முன்னால் போகிற கூண்டு திடீரென்று நின்றுவிட்டால்? மருமகன் பேச்சை மாற்றிவிட்டான்.

பெராபிட்டுக்கும் எல்லை உண்டு. குழாய்க்கு ஒரே தண்டவாளம்; முன்னால் சரக்கு ரயில் ஊர்ந்தால் பின்னால் வருவதும் ஊர வேண்டியதுதான், உள்ளே முந்த வழியில்லை. அதனால் நான் கேட்பது வேகத்தை அல்ல, நீளத்தை. டோக்கியோ–ஒசாகா ஷின்கான்செனில் 16 பெட்டி, 1,323 இருக்கை. நமக்கு அவ்வளவு வேண்டாம். பண்டிகைக்கு இரண்டு ரயிலை ஒன்றாகக் கோத்து விட்டாலே பெரிய காரியம். நடைமேடை இடம் கொடுக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இடிஎஸ் பயணத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். டிக்கெட் வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா இடிஎஸ்ஸும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை.