பின்கழுத்துக் கொழுப்பு: உறிஞ்சுவதா, வெட்டுவதா?

தோள்கள் சேரும் இடத்தில், பின்கழுத்தில் திமில் போல் எழும் கொழுப்பை நீக்கச் சென்னையில் நான்கு வழிகள் சொல்கிறார்கள்: குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன், வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை, கரைக்கும் ஊசி, குளிர்வித்து உறையவைக்கும் கருவி. நான் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டவள். சாய்வும் அதன் பக்கமே.

ஊசியையும் கருவியையும் நான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். டிஆக்சிகோலிக் அமில ஊசிக்கு 2015-இல் அமெரிக்கா அனுமதி தந்தது முகவாய்க்கு அடியில் தொங்கும் கொழுப்புக்குத்தான், பின்கழுத்துக்கு அல்ல. குளிர்விக்கும் கருவி பெரும்பாலும் சதையைக் கவ்விப் பிடித்து வேலை செய்வது. எனக்கு இருந்ததோ கவ்வக் கிடைக்காத கெட்டித் தடிப்பு.

மிச்சம் இரண்டு. வெட்டி எடுப்பதில் ஒரு நன்மை உண்டு: சர்ஜன் கண்ணால் பார்த்து முழுதாக எடுக்கலாம். உறை கட்டிய கொழுப்புக் கட்டியாக இருந்தால் அதுவே சரி. ஆனால் நீளத் தழும்பு ரவிக்கைக்கு மேலே தெரியும், சிலருக்குத் தடித்தும் போகும். எடுத்த இடத்தில் நீர் கோக்கும் என்பதால் வடிகுழாய் வைப்பார்கள். லைப்போசக்‌ஷனில் துளைகள் சிறியவை. ஆனால் பின்கழுத்துக் கொழுப்பில் நார் அதிகம். வெறும் குழாய் திணறும். அல்ட்ராசவுண்ட் அலையால் முதலில் தளர்த்திவிட்டு உறிஞ்சும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். மரக்கச் செய்யும் மருந்து கலந்த உப்புநீரை உள்ளே நிறைத்துத்தான் உறிஞ்சுவார்கள். அது முதல் இரவு இளஞ்சிவப்பாகக் கசிந்து தலையணை உறையை நனைக்கும். பயப்பட வேண்டாம்.

நான் முடிவெடுத்தது வேறொன்றை வைத்து: திரும்ப வருமா? வரலாம். மூட்டுவாதத்துக்காகப் பல ஆண்டுகள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியதால் எனக்கு வந்தது இது. உடலே கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயிலும் வரும், எச்.ஐ.வி.க்கான பழைய மருந்துகள் சிலவற்றாலும் வரும். உறிஞ்சினாலும் வெட்டினாலும் காரணம் உள்ளே அப்படியே இருக்கும். ஸ்டீராய்டு எடுக்காதவர்களுக்கு இது வந்தால், குஷிங் நோயா என்று அறிய, இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் பார்க்கும் சோதனை உண்டு. அதைப் பற்றிப் பேசாமலே தேதி குறித்துக் கொடுக்கும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. உடலின் சொந்தக் கார்டிசால் சுரப்பு படுத்திருக்கும், உயிருக்கே ஆபத்து. என் மருத்துவர் படிப்படியாக அளவைக் குறைத்தார். தடிப்பே கொஞ்சம் இறங்கியது. மீந்ததைத்தான் உறிஞ்சினார்கள். குறைந்த அளவில் மாத்திரை இன்னும் தொடர்வதால், மறுபடி சேரலாம் என்று தெரிந்தேதான் செய்துகொண்டேன். சேர்ந்தால் சிறு துளை வழியே இன்னொரு முறை உறிஞ்சலாம். பழைய தழும்பைத் திறந்து மீண்டும் வெட்டுவதை என்னால் நினைக்க முடியவில்லை. எத்தனை ஆண்டு தாங்கும் என்று என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

அழகுக்கான சிகிச்சை என்றால் காப்பீடு கிடைக்காது. கழுத்தைத் திருப்ப முடியாத தொல்லை, வலி இருந்தால் அதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அங்கேயும் ஒரு கருத்து கேட்கலாம். தேதியை மார்கழி, தை பக்கம் வாங்குங்கள். இறுக்கமான அழுத்த உடையை வாரக்கணக்கில் போட்டிருக்க வேண்டும். கத்திரி வெயிலில் கழுத்தடி வேர்க்குரு அரித்தே கழற்றிவிடத் தோன்றும்.