பன்னிரண்டு புட்டிகள், ஒரே விலை: வீட்டில் தைலம் கலப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் அப்பாவுக்கு வயது 71. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் செயற்கை இதய வால்வு பொருத்தினார்கள்; அன்று முதல் இரத்தம் உறையாமல் இருப்பதற்கான வார்ஃபரின் மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட்டு வருகிறார். கடந்த மார்ச் மாதம் நான் என் கையால் கலந்து கொடுத்த மூட்டுவலித் தைலத்தால் அவர் ஐந்து நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அவர் இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் அதே விற்பனையாளர் அதே புட்டிகளை இன்னும் விற்றுக்கொண்டிருப்பதால், நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

முழங்கால் வலிக்காக அப்பா ஒரு பெரிய நிறுவனத்தின் உருட்டித் தடவும் தைலத்தைப் பயன்படுத்தி வந்தார். 10 மில்லி 650 ரூபாய். மாதத்திற்கு இரண்டு புட்டிகள் தீர்ந்துவிடும். அட்டையைத் திருப்பிப் படித்தால் நல்லெண்ணெய், நீலகிரித் தைலம், புதினா, விண்டர்கிரீன் (வலித் தைலங்களில் சேர்க்கும் ஒரு செடியின் எண்ணெய்) என்று நான்கே பொருட்கள்தான் இருந்தன. கோவையில் வாழ்ந்துகொண்டு, மலையேறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிடைக்கும் தைலத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணம் தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். நல்ல மூலப்பொருளும் சரியான அளவும் தெரிந்திருந்தால், அந்த 10 மில்லியை ஐந்தில் ஒரு பங்கு செலவில் வீட்டிலேயே கலந்துவிடலாம். ஊட்டிக்குப் போய் வாங்கி வராமல், கைப்பேசியில் வந்த ஒரு காணொளியை நம்பியதுதான் நான் செய்த பிழை.

அந்தக் காணொளியில் ஒரு பெண்மணி மிகவும் கனிவாகப் பேசினார். பன்னிரண்டு வகை எசென்ஷியல் ஆயில்கள், அதாவது செடிகளிலிருந்து எடுக்கும் செறிவான வாசனை எண்ணெய்கள், ஒவ்வொன்றும் 15 மில்லி, மொத்தம் 1,199 ரூபாய். கலக்கும் முறையைச் சொல்லித்தரும் ஒரு மணி நேர இணைய வகுப்புக்குத் தனியாக 499 ரூபாய். பணம் ஒரு தனிநபரின் யுபிஐ கணக்குக்குப் போனது. ரசீது வரவில்லை, நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் பெட்டி வந்தது. பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள், ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாய், ஒவ்வொன்றிலும் "100 சதவீதம் தூய்மை", "தெரபியூட்டிக் கிரேடு" (சிகிச்சைத் தரம்) என்ற வாசகங்கள். பார்க்க மிக அழகாக இருந்தன.

இப்போது அந்தப் புட்டிகளை எடுத்துப் பார்க்கும்போது, அன்றே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை எத்தனை என்று மனம் பதைக்கிறது. தாவரத்தின் அறிவியல் பெயர் எதிலும் இல்லை. தயாரிப்பு எண், தயாரித்த மாதம், தயாரித்தவரின் முகவரி, புகார் சொல்ல ஓர் எண் ஆகிய எதுவும் இல்லை. சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இன்படி பொட்டலப் பொருளில் தயாரித்தவர் முகவரியும் விலையும் அளவும் மாதமும் இருந்தே ஆக வேண்டும். "தெரபியூட்டிக் கிரேடு" என்று எந்த அரசும் எந்தத் தர நிறுவனமும் சான்று வழங்குவதில்லை. அது விற்பவர்கள் தாங்களே சூட்டிக்கொள்ளும் பெயர். ரப்பர் குமிழ்கூட ஓர் அடையாளம்தான்: செறிவான தைலத்தின் ஆவி ரப்பரை இளக்கிவிடும் என்பதால், தொழில் தெரிந்தவர்கள் புட்டியின் வாயில் சொட்டுச் சொட்டாக விழும் பிளாஸ்டிக் அடைப்பானைத்தான் பொருத்துவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் விலை. பன்னிரண்டு புட்டிகளும் ஒரே விலை, புட்டிக்கு ஏறத்தாழ 100 ரூபாய். அந்தப் பன்னிரண்டில் எலுமிச்சம்புல் எண்ணெயும் இருந்தது, சந்தன எண்ணெயும் இருந்தது, மல்லிகை எண்ணெயும் இருந்தது. உண்மையான சந்தன எண்ணெய் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கும்; கணக்குப் போட்டால் அதில் 15 மில்லியே கிட்டத்தட்ட 1,500 ரூபாய் வந்துவிடும். அந்த ஒரு புட்டியின் உண்மை விலை முழுப் பெட்டியின் விலையைவிட அதிகம். மல்லிகையின் மணத்தை நீராவியில் வடிப்பதே வழக்கமில்லை. கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள், ஒரு கிலோ சாறுக்குப் பல நூறு கிலோ மொட்டுகள் வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியில் மல்லிகை என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்த எவரும் 100 ரூபாய் மல்லிகை எண்ணெயை நம்பக் கூடாது. எனக்குத் தெரியும், ஆனாலும் நம்பினேன்.

வகுப்பில் அந்தப் பெண்மணி மூட்டுவலிக்கு ஓர் அளவு சொன்னார்: 30 மில்லி நல்லெண்ணெய்க்கு 10 மில்லி விண்டர்கிரீன். தடவிய இடம் சுட்டால் மருந்து உள்ளே இறங்குகிறது என்று பொருள் என்றும், தடவியபின் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் துணியால் கட்டினால் விரைவில் பலன் தெரியும் என்றும் சொன்னார். யாருக்கு இது கூடாது என்று அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நான் அப்படியே செய்தேன். அப்பா காலையும் மாலையும் இரண்டு முழங்கால்களிலும் தடவிக்கொண்டார். முதல் நாள் இரவு, "நல்லாச் சூடு ஏறுது கண்ணு, இது கேக்கும் போல" என்றார். நான்காம் நாள் இடது முழங்காலில் தோல் சிவந்து, பட்டாணி அளவில் மூன்று கொப்புளங்கள் எழுந்தன. படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். "சிஸ், பயப்படாதீங்க, இது ஹீலிங் கிரைசிஸ். உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளிய வருது, நிறுத்தாம தடவுங்க" என்று பதில் வந்தது. கொப்புளத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தொடர்ந்து தடவினோம். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ஒன்பதாம் நாள் காலை பல் துலக்கிய அப்பா என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டார். வாஷ்பேசின் முழுவதும் சிவப்பாக இருந்தது. ஈறுகளிலிருந்து இரத்தம் நிற்கவில்லை. முழங்கைக்குக் கீழே, எதிலும் இடித்துக்கொள்ளாமலே, உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. மருத்துவமனைக்கு ஓடினோம். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு முந்தைய மாதம் 2.8 ஆக இருந்தது, அன்று 7.2. புதிதாக ஏதாவது மாத்திரை, நாட்டு மருந்து, கசாயம் எடுத்தீர்களா என்று மருத்துவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றோம். நான்காவதாக அவர் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் வேட்டியை முழங்காலுக்கு மேல் விலக்கி, குனிந்து முகர்ந்து பார்த்து, "இது என்ன வாசனை?" என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. விண்டர்கிரீன் எண்ணெயில் ஏறத்தாழ முழுவதும், அதாவது 98 சதவீதத்தை ஒட்டி, மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே வேதிப்பொருள்தான் இருக்கிறது. அது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி விண்டர்கிரீன் எண்ணெய், இருபதுக்கும் மேற்பட்ட சாதாரண ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். அதைக் குடித்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அது தோல் வழியாகவும் இரத்தத்தில் சேர்கிறது. சூடும் கட்டும் சேர்ந்தால் இன்னும் அதிகமாகச் சேர்கிறது. வார்ஃபரின் சாப்பிடுபவர்களின் இரத்தத்தில் அந்த மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிவிடுகிறது. வகுப்பில் சொன்ன அளவு 25 சதவீதம். தோலில் தடவும் கலவைக்குப் பொதுவாக ஏற்கப்படும் அளவு 2 சதவீதம் அளவில்தான்: 30 மில்லி எண்ணெய்க்கு 12 சொட்டுகள். அந்த 12 சொட்டுகள்கூட இரத்த உறைவு எதிர்ப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு வேண்டாம் என்பதுதான் மருத்துவரின் கண்டிப்பான சொல். நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த அந்த 650 ரூபாய்ப் புட்டியில், எங்கள் கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில், அந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்ததைப் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

அப்பா வீடு திரும்பியபின் பெட்டியில் இருந்த மற்ற எண்ணெய்களையும் ஆராய்ந்தேன். வெள்ளைக் காகிதத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, பெயர் எழுதி, மின்விசிறி படாத அலமாரியில் வைத்தேன். லாவண்டர் என்று எழுதியிருந்தது இரண்டு நாளுக்குப் பிறகும் வடைக்குக் கீழே வைத்த காகிதம்போல் எண்ணெய் வட்டமாகவே இருந்தது. உண்மையான லாவண்டர் முழுவதும் ஆவியாகி, கறை விடாமல் மறைந்துபோகும். சந்தன எண்ணெயை ஒரு தம்ளர் தண்ணீரில் விட்டபோது, மேலே மிதக்காமல் பால்போல் கலங்கி, சற்று நேரத்தில் கரைந்தே போனது. தண்ணீரில் கரைவது எண்ணெயே அல்ல. ஆனால் இந்தக் காகிதச் சோதனையை மட்டும் நம்பி யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். வெட்டிவேர், சந்தனம் போன்ற கனமான எண்ணெய்கள் உண்மையாக இருந்தாலும் காகிதத்தில் நெடுநேரம் தங்கும்; பெயின்ட் கலக்கப் பயன்படும் டர்பன்டைன் கலந்த போலியோ மாயமாக ஆவியாகிச் சோதனையில் தேறிவிடும்.

அதனால் மூன்று புட்டிகளை ஒரு தனியார் ஆய்வகத்துக்கு, எண்ணெயில் என்னென்ன வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபி சோதனைக்குக் கொடுத்தேன். புட்டிக்கு 3,000 ரூபாய் ஆனது. லாவண்டரில் பெரும்பகுதி, வாசனைத் திரவங்களை நீர்க்கச் செய்யப் பயன்படுத்தும் டைஎத்தில் தாலேட். நீலகிரித் தைலத்தில் அதன் முக்கிய வேதிப்பொருளான சினியோல் 38 சதவீதம்தான்; மருந்துத் தரத்துக்கு அது பொதுவாகக் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும். மீதியில் பெரும்பாலும் டர்பன்டைனில் காணப்படும் பைனீன். மூன்றாவது விண்டர்கிரீன், அதில் கலப்படம் எதுவும் இல்லை. 99 சதவீதம் மெத்தில் சாலிசிலேட். செடியிலிருந்து எடுக்காமல் ஆலையில் செய்ததாகவே இருக்கும் என்றாலும், அட்டையில் சொன்ன பொருள்தான் உள்ளே இருந்தது. அப்பாவைப் படுக்கையில் தள்ளியது போலியான புட்டி அல்ல, பெட்டியிலேயே உண்மைக்கு மிக அருகில் இருந்த அந்த ஒரு புட்டிதான். ஏமாற்று வேறு, ஆபத்து வேறு என்பதை அந்தத் தாளைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். தூய எண்ணெயைத் தேடிப் பிடித்துவிட்டால் போதும் என்று எண்ணுபவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

வீட்டில் கலப்பதை நான் விட்டுவிடவில்லை. இப்போது நீலகிரித் தைலத்தை, யூகலிப்டஸ் குளோபுலஸ் என்று தாவரப் பெயரும் தயாரிப்பு எண்ணும் போட்டு, அந்த எண்ணுக்குரிய ஆய்வுத் தாளைக் கேட்டவுடன் கொடுத்த ஒரு கடையில் வாங்குகிறேன். பெயர் முக்கியம். 1843-இல் நீலகிரிக்கு வந்து, மலைமக்கள் கற்பூர மரம் என்று அழைக்கும் மரம் இது. எலுமிச்சை மணம் வீசும் இன்னொரு யூகலிப்டஸ் வகையில் சினியோல் மிகக் குறைவு, சிட்ரோனெல்லால் மிகுதி. இரண்டுக்கும் தைலம் என்றே பெயர் சொல்லி விற்பார்கள். எடுத்தவுடன் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு துளி கலவையைத் தடவி ஒரு நாள் காத்திருக்கிறேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டுக்கு வந்தால் தைலம், புதினா, கற்பூரம் மூன்றையும் பூட்டி வைத்துவிடுகிறேன்; குழந்தையின் மூக்கருகே இவற்றைத் தடவினால் மூச்சே தடைபடக்கூடும். எவர் சொன்னாலும் எந்த எண்ணெயையும் உள்ளுக்குச் சாப்பிடுவதில்லை.

விற்பனையாளரிடம் மருத்துவமனைச் சீட்டையும் ஆய்வுத் தாள்களையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்க அப்பாவுக்கு மாத்திரை இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று ஒரே வரி வந்தது. அதன்பின் என் எண்ணை முடக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். முகவரி இல்லாததால் யுபிஐ பரிவர்த்தனை விவரமும், தபால் உறையில் இருந்த கூரியர் எண்ணும்தான் என்னிடம் உள்ள ஆதாரங்கள். உறையை எறிந்துவிடாதீர்கள், நான் எறிய இருந்தேன், அம்மாதான் எடுத்து வைத்திருந்தார்.

சென்ற வாரம் வேறொரு பெயரில், அதே பின்னணி, அதே மேசைவிரிப்போடு புதிய காணொளி வந்திருக்கிறது. பெட்டி இப்போது 1,099 ரூபாய். அட்டை வெளிர்பச்சை, மூடி கறுப்பு, ஓரத்தில் தங்க நிறத்தில் ஓர் இலை. இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது புட்டி விண்டர்கிரீன். உங்கள் வீட்டுக்கு இந்தப் பெட்டி ஏற்கெனவே வந்திருந்து, வீட்டில் யாராவது வார்ஃபரினோ, அதைப் போன்ற இன்னொரு மாத்திரையான அசெனோகூமராலோ சாப்பிடுபவராக இருந்தால், அந்தப் புட்டியை இன்றே அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே தடவியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள்.