இரைப்பை பேண்ட்: பத்து வருடத்துக்கு மேல் பாவித்த அனுபவம்

எடை குறைய இரைப்பையைச் சுற்றிப் போடுகிற வளையம்தான் பேண்ட். புதிதாக அதைப் போட யோசிக்கிறவர்கள் இப்போது மெல்பேணில் மிகக் குறைவு. எல்லோரும் ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது), பைபாஸ் (சாப்பாட்டைக் குடலுக்குக் குறுக்குவழியில் விடுவது) என்று போய்விட்டார்கள். ஆனால் 2000களிலும் 2010களின் தொடக்கத்திலும் போட்டுக்கொண்டவர்கள் இன்றைக்கும் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். சிலருக்குப் போட்ட வைத்தியர் ஓய்வு பெற்றுவிட்டார், சிலருக்கு கிளினிக்கே மூடிவிட்டது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் போட்டது 2010இல். எடை 108 கிலோ, சீனி வருத்தம் வாசலில் நின்றது, முழங்கால் இரண்டும் மாடிப்படியைக் கண்டாலே அழும். மெல்பேணில் அப்போது உடல் எடைக்குச் சத்திரசிகிச்சை என்றாலே பேண்ட்தான். பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்செவ் 1993இல் முதன்முதலாக லேப்பராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் மட்டும் போட்டு, அதைப் போட்டார். அடுத்த வருடமே இங்கே பேராசிரியர் போல் ஓ'பிரையன் தொடங்கிவிட்டார். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001இல்தான். அதனால் இந்த ஊர் வைத்தியர்களுக்குக் கை பழகியிருந்தது, அது என் நல்ல காலம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இரைப்பையின் மேல்முனையைச் சுற்றி ஒரு சிலிக்கன் வளையம். வளையத்தின் உள்பக்கம் ஊதக்கூடிய பலூன். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றுத் தசைக்கு மேல், தோலுக்கு அடியில் தைத்துவைத்த போர்ட்டில் முடியும். போர்ட்டுக்குள் ஊசியால் சேலைன் என்கிற உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். என்னுடையது 10 மில்லி கொள்ளும் வகை. எதையும் வெட்டுவதில்லை, எதையும் எடுப்பதில்லை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்று சொல்வார்கள். கழற்றலாம்தான், ஆனால் வளையம் இருந்த இடத்தில் தழும்பு இருக்கும், அடுத்த சத்திரசிகிச்சைக்கு அது இடைஞ்சல்.

ஆபரேஷன் ஒரு மணித்தியால வேலை. உண்மையான வைத்தியம் அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் போர்ட்டில் ஊசி போட்டுக் கூட்டிக் குறைப்பதுதான். இதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் காலம் எடுத்தது.

முதல் ஃபில், அதாவது சேலைன் ஏற்றுவது, ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு. கட்டிலில் மல்லாக்கப் படுத்து, தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வார்கள். வயிற்றுத் தசை இறுகும்போது போர்ட் கைக்குத் தட்டுப்படும். அதற்கென்று தனி ஊசி உண்டு. சாதாரண ஊசி போட்டால் போர்ட்டின் சிலிக்கன் மூடியில் துளை விழுந்து சேலைன் கசியும். நோவு என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, இரத்தம் எடுக்கிற அளவுதான். அரை மில்லி, ஒரு மில்லி என்று ஏற்றிவிட்டு, எழுந்து உட்கார்ந்து ஒரு கப் தண்ணீர் குடித்துக் காட்டச் சொல்வார்கள். தண்ணீர் தங்காமல் இறங்கினால்தான் வீட்டுக்கு விடுவார்கள். அப்புறம் சில கிழமைக்கு ஒருமுறை இதேதான்.

கிளினிக் சுவரில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. மஞ்சள் என்றால் இன்னும் பசிக்கிறது, சேலைன் காணாது. பச்சை என்றால் சரியான அளவு: கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்ற உணர்வு, அடுத்த சாப்பாடு வரை பசி இல்லை. சிவப்பு என்றால் அதிகமாக இறுகிவிட்டது. எனக்கு 6 மில்லி பக்கத்தில் பச்சை வந்தது. முதல் இரண்டு வருடத்தில் எடை 81க்கு இறங்கியது. அந்த நாட்களைப் பற்றிப் பெருமையாக எத்தனையோ எழுதலாம், எழுதியும் ஆகிவிட்டது, ஆகவே சிவப்புக்கு வருகிறேன்.

எடை இறங்குவது நின்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கோ." நானும் கேட்டேன். இறுக்கினால் குறைவாகச் சாப்பிடுவோம் என்பது பார்வைக்குச் சரியான கணக்கு. வயிற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. வளையம் அதிகம் இறுகும்போது சோறு இறங்காது, பாண் உருண்டையாகி நிற்கும், கோழி இறைச்சியும் முருங்கைக்காய் நாரும் நெஞ்சுக்குள் குறுக்கே நிற்கும். புட்டு இன்னும் மோசம், சொதி விட்டுக் குழைத்தாலும். ஆனால் ஐஸ்கிரீம் வழுக்கிக்கொண்டு போகும். சொக்லட் உருகிப் போகும். தேத்தண்ணீரில் நனைத்த பிஸ்கட், கட்டிப்பால், மைலோ எல்லாம் தடையில்லாமல் போகும். நல்ல சாப்பாட்டை வளையம் மறிக்கும், கெட்டதற்கு வழி விடும். எடை கூடும். கூடினால் இன்னும் இறுக்கச் சொல்லிக் கேட்போம். நான் கேள்விப்பட்ட பேண்ட் கதைகளில் பாதி இந்தச் சுழலில் அகப்பட்டவைதான்.

சாப்பாடு அடைத்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் சபையில் யாரும் சொல்லமாட்டார்கள். முதலில் நடுநெஞ்சில் ஒரு பாரம். பிறகு வாயில் கெட்டியான எச்சில் ஊறி ஊறி வரும், விழுங்கினால் திரும்பி வரும். வாந்தி போல இருக்கும், ஆனால் குமட்டலும் புளிப்பும் இராது, உண்டது உண்டபடியே மேலே வரும். கலியாண வீட்டில் இது நடந்தால் கைகழுவப் போகிற சாட்டில் எழும்ப வேண்டியதுதான். எங்கள் ஆட்களுக்கு ஒருவர் சாப்பிடாமல் இருப்பது தாங்காத விஷயம். "என்ன பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லை? இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று அன்ரிமார் கரண்டியோடு வந்து நிற்பார்கள். ஆபரேஷன் செய்தது பாதிச் சொந்தக்காரருக்குத் தெரியாது. "காஸ்ட்ரிக்" என்று சொல்லித் தப்பித்தேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அடிக்கடி இப்படி வருகிறதென்றால் மெல்லாமல் விழுங்குகிறோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வளையம் இறுக்கம் என்பதற்கும் அதுவே அறிகுறி. இதைவிட எளிதில் தவறவிடுகிற அறிகுறி ஒன்று உண்டு: இரவு இருமல். நாலாவது வருடம் எனக்குப் படுத்தவுடன் இருமல் தொடங்கும், தலையணையில் புளித்த தண்ணீர். குடும்ப வைத்தியர் ஆஸ்துமா என்று பம்ப் எழுதித் தந்தார். மாதக்கணக்கில் பம்ப் இழுத்தும் குறையவில்லை. கடைசியில் பேண்ட் கிளினிக்கில் பேரியம் (எக்ஸ்ரேயில் தெரிகிற திரவம்) குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வளையத்துக்கு மேலே சின்னப் பை போல இருக்கவேண்டிய இரைப்பைப் பகுதி நன்றாகப் பெருத்துப்போய், உணவுக்குழாயும் அகலமாகியிருந்தது. சாப்பிட்டது அங்கேயே தேங்கி, இரவு படுக்கும்போது மேலே வந்து சுவாசக்குழாய்க்குள் போயிருக்கிறது. அதுதான் அந்த ஆஸ்துமா.

வைத்தியம் எளிது. சேலைன் முழுவதையும் எடுத்தார்கள். அன்றிரவே இருமாமல் படுத்தேன். சில கிழமை வளையத்தைக் காலியாக விட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பை பழைய அளவுக்கு வந்துவிட்டது. பிறகு மெல்ல மெல்ல ஏற்றி, இந்த முறை 5 மில்லியோடு நிறுத்தினோம். காலியாக இருந்த அந்த இடைவெளியில் பசி திரும்பி வந்து, எடை கொஞ்சம் ஏறியது. ஏறட்டும். தளர்த்தப் போவதைத் தோல்வி என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்று: பை நிரந்தரமாகப் பெருத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

போர்ட் பிரச்சினை அதற்குப் பிறகு. ஒரு பக்கத் தையல் விட்ட பொத்தான் போல அது சரிந்து புரண்டுவிட்டது, ஊசி எங்கே குத்தினாலும் விளிம்பில்தான் இடித்தது. மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் தைத்தார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். எரிச்சலான விஷயம், பெரிய ஆபத்தில்லை.

ஆனால் போர்ட் இருக்கிற இடம் வருடங்கள் கழித்துத் திடீரென்று சிவந்து வீங்கினால் அதைச் சாதாரணத் தொற்று என்று விடக்கூடாது. கிளினிக்கில் பழக்கமான அக்கா ஒருவருக்கு அப்படித்தான் வந்தது. அன்டிபயோட்டிக் குடித்தால் அடங்கும், பிறகு திரும்ப வரும். அதே நேரம் அவருக்கு இறுக்கமே தெரியாமல், எவ்வளவும் சாப்பிட முடிந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்தால் வளையம் இரைப்பைச் சுவரை மெதுவாக அரித்து உள்ளே போயிருந்தது. கிருமி குழாய் வழியாகப் போர்ட்டுக்கு வந்திருக்கிறது. அப்படியானால் கழற்றுவதைத் தவிர வழியில்லை.

எனக்குக் கடைசியில் நடந்தது வேறு. 2021 குளிர்காலத்தில் ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர்கூட இறங்கவில்லை. மாலையில் என் சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல், மேல்வயிற்றில் விடாத வலி. அவசரப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த இளம் வைத்தியர் அன்பானவர், ஆனால் பேண்ட் பற்றிக் கேள்விப்பட்டிருந்தாரே தவிர ஊசி போட்டுத் தளர்த்தியதில்லை, சரியான ஊசியும் கைவசம் இல்லை. ட்ரிப் ஏற்றிக் காத்திருக்க வைத்தார்கள். சத்திரசிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து சேலைனை எடுத்த பிறகுதான் வலி இறங்கியது. எக்ஸ்ரேயில் வளையம் இடது தோளை நோக்கிச் சரிவாகத் தெரியவேண்டும். என்னுடையது கிடையாகப் படுத்துக்கிடந்தது. கீழிருந்த இரைப்பை வளையத்துக்கு மேலே நழுவி ஏறிவிட்டது. தளர்த்திய பிறகும் வலி நிற்காவிட்டால் இரைப்பைக்கு இரத்தம் போகவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும், அன்றிரவே வயிற்றைத் திறக்கவேண்டி வந்திருக்கும். எனக்கு நின்றது. சில நாள் கழித்து வளையத்தைக் கழற்றினார்கள்.

நாட்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நிலை வந்தால், பேண்ட் இருக்கிறது என்பதோடு எத்தனை நாளாக வாந்தி என்பதையும் வாய் திறந்து சொல்லுங்கள். உடம்பில் தயமின் என்கிற விட்டமின் பி1 குறைந்திருக்கலாம். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம். ஐபுபுரூஃபன் மாதிரியான நோவு மாத்திரைகளும் எங்களுக்கு ஆகாது.

பேண்ட் நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களுக்கு, 2013இல் வெளிவந்த மெல்பேண் குழுவின் 15 வருடக் கணக்கையும் 2011இல் வெளிவந்த பிரஸல்ஸ் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். மெல்பேணில் மேல்பை பெருத்ததற்காக 26 சதவீதம், போர்ட்டும் குழாயும் பழுதானதற்காக 21 சதவீதம் பேர் மறுபடி ஆபரேஷன் மேசை ஏறினார்கள். ஆனால் அரித்தது 3.4 சதவீதம், பேண்டைக் கழற்றியது 5.6 சதவீதம் மட்டுமே. பிரஸல்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அரித்தது, பாதிப் பேருக்குக் கழற்ற வேண்டி வந்தது. பிரஸல்ஸ் ஆட்கள் 1994 முதல் 1997 வரை போட்டுக்கொண்டவர்கள், தொகையும் சிறியது, அப்போது பேண்ட் போட்ட முறையும் வேறு. அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் மெல்பேண் கணக்கை எழுதியவர்கள் அந்த பேண்டுகளைப் போட்டவர்களே, வருடக்கணக்காகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள். அப்படிக் கூப்பிட ஆள் இல்லாத இடத்தில் இதே பொருள் வேறு பொருளாகிவிடும் என்பது என் எண்ணம். பத்து வருடம் எனக்கு 20 கிலோவுக்கு மேல் இறங்கியே இருந்தது, சீனி வருத்தம் வரவில்லை. அதற்காகப் போட்டதில் வருத்தமில்லை. இன்றைக்கு யாரும் கேட்டால் போடச் சொல்லமாட்டேன்.

கழற்றிய பிறகு எடை 97 வரை ஏறியது. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிவு கூடும், பைபாஸ்தான் பொருத்தம் என்றார் வைத்தியர். இன்னும் மனம் வரவில்லை. இப்போதைக்குக் கிழமைக்கு ஒருமுறை செமக்ளூட்டைட் என்கிற பசி குறைக்கும் ஊசி, 88இல் நிற்கிறது.

இன்னும் பேண்ட் வைத்திருப்பவர்கள் போட்ட ஆஸ்பத்திரியிடம் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள். எந்தக் கொம்பனியின் பேண்ட், எத்தனை மில்லி கொள்ளும், இப்போது உள்ளே எத்தனை மில்லி இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் போடுங்கள். யாழ்ப்பாணமோ வேறெங்கோ நீண்ட பயணம் போவதென்றால், அந்த ஊரில் தளர்த்த ஆள் கிடைக்குமா என்று முதலே விசாரியுங்கள். இல்லையென்றால் போவதற்கு முன் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்கள், திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளலாம். கிளினிக் மூடிவிட்டதென்றால் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்கிற பிரிவு ஒன்றுக்குக் கடிதம் வாங்குங்கள். இரவு இருமல் இருந்தால் அதையும் அந்தக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள், சீக்கிரம் கூப்பிடக்கூடும்.