படிப்பகத்து ஓவியத்துக்கு ஃப்ரேம் போட்ட கடை

எங்கள் படிப்பகத்தில் பீரோவுக்குப் பின்னால் சொருகிக் கிடந்த ஒரு வாட்டர்கலர் ஓவியத்துக்குப் போன மாதம் ஃப்ரேம் போட்டோம். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னக் கடை. வேலை ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, மொத்தம் ரூ.3,600 ஆனது, சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது போதும். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள், ஏனென்றால் அந்த ஓவியம் கடைக்குப் போகாமல் விலைக்குப் போயிருக்கும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹாலும் ஒரு சின்ன ரூமும், அவ்வளவுதான் எங்கள் படிப்பகம். காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள், சாயங்காலம் டிஎன்பிஎஸ்சிக்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகள். போன மழையில் கூரை ஷீட் இரண்டு இடத்தில் விரிசல் விட்டு பெஞ்ச் மேலேயே ஒழுகியது. மாற்ற ரூ.55,000 ஆகும் என்றார் மேஸ்திரி. அதற்காக ரூமைக் காலி பண்ணும்போதுதான் படம் கிடைத்தது. இரண்டரை அடி அகலம். மீன்பிடித் துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய காசிமேட்டுக் கடற்கரை, மணலில் ஏற்றிப் போட்ட கட்டுமரங்கள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்த நம்ம ஏரியாப் பையன் ஒருவர் அறுபதுகளில் வரைந்து கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெயர் யாருக்கும் நினைவில்லை.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ரூ.40,000 தருகிறேன் என்றார். கமிட்டியில் பாதிப் பேர் அப்போதே தயார். "யாரும் பாக்காத படம்ணா, பீரோ பின்னாடி கெடந்தது. இங்க பசங்க தலையில தண்ணி சொட்டுது. வெளிநாட்டுல முனிசிபாலிட்டியே இப்படி வித்துத்தான் வேலை பாக்குறாங்க" என்றார் செயலாளர். அவர் கெட்டவர் இல்லை. மூன்று மாதக் கரண்ட் பில்லைத் தன் கையிலிருந்து கட்டியவர்.

வெளிநாட்டில் விற்கிறார்கள் என்பது உண்மைதான். விற்ற பிறகு என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும் இல்லையா? இங்கிலாந்தில் நார்தாம்டன் நகராட்சி 2014 ஜூலையில் செகெம்கா என்ற எகிப்தியச் சிலையை, நாலாயிரம் வருடத்துக்கும் பழையதை, லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் விற்றது. கிடைத்தது ஒன்றரைக் கோடி பவுண்டுக்கும் மேல். மியூசியத்தைப் பெரிதாக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் முழுப் பணமும் நகராட்சிக்கு வரவில்லை, சிலையை அந்தக் காலத்தில் கொடுத்த பிரபு குடும்பத்தின் வாரிசுக்கும் பெரிய பங்கு போனது. அடுத்த மாதமே அந்த நகராட்சியின் மியூசியங்களுக்கு இருந்த அங்கீகாரம் பறிபோனது. அது இல்லாவிட்டால் பல மானியங்களுக்கு விண்ணப்பமே போட முடியாது. சிலையும் போய் மரியாதையும் போனது.

இன்னொன்று எனக்கு ரொம்ப நெருக்கமாகப் பட்டது. ஹென்றி மூர் என்ற பெரிய சிற்பி, உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலையை 1962-ல் லண்டன் கவுன்டி கவுன்சிலுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். அது போய் நின்றது ஸ்டெப்னி என்ற இடத்தில், நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி ஒரு குடியிருப்பில். கிழக்கு லண்டனில் துறைமுகத்தை நம்பிப் பிழைத்த உழைப்பாளிகள் பகுதி அது, நம்ம ராயபுரம் மாதிரி. ஜனங்கள் அதற்கு ஓல்ட் ஃப்ளோ என்று செல்லப் பெயர் வைத்தார்கள். குடியிருப்பை இடித்ததும் சிலை யார்க்‌ஷயருக்குப் போய்விட்டது. இங்கேதான் இல்லையே, விற்றுவிடலாம் என்று 2012-ல் அந்தப் பகுதியின் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் முடிவெடுத்தது, செலவுக்குப் பணமில்லை என்பது காரணம். எதிர்ப்பு வந்தது, யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தது, மேயர் மாறினார், விற்பனை நின்றது. 2017-ல் சிலையைக் கிழக்கு லண்டனுக்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

கமிட்டியில் நான் கேட்டது இதுதான். யாரும் பார்க்கவில்லை என்கிறோமே, பீரோவுக்குப் பின்னால் வைத்தது யார்? நாம்தானே. நாமே மறைத்து வைத்துவிட்டு, யாரும் பார்க்காததால் விற்கலாம் என்பது என்ன நியாயம்? கொடுங்கையூர்க் குப்பையும் எண்ணூர்ச் சாம்பலும் நம் பக்கம், நம் கடற்கரையை நம் பையன் வரைந்த படம் மட்டும் யாரோ ஒருவர் வீட்டு ஹாலுக்கா? எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று சொல்லவில்லை. அதே வாரம் துருப்பிடித்த பீரோவையும் பழைய காலண்டர் படங்களையும் எடைக்குப் போட்டோம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்தப் படம் இது ஒன்றுதான். விற்றால் திரும்ப வராது. ஷீட் பத்து வருடத்தில் மறுபடி உடையும், அப்போது எதை விற்பது? முதலில் மாட்டிப் பார்ப்போம், ஆறு மாதம் கழித்துப் பேசுவோம் என்று ஒருவழியாக முடிவானது.

சரி, கடைக்கு வருகிறேன். கடைக்காரர் பாய் படத்தை வாங்கியதும் முன்பக்கம் பார்க்கவே இல்லை, திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக இழுத்தார், பிளைவுட்டைத் தூக்கினார், பூச்சி அரித்த செய்தித்தாள் தூளாகக் கொட்டியது. "தண்ணி பட்டிருக்கு தம்பி, ஆனா பேப்பருக்குள்ள ஏறல." ஓவியத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் பழைய மவுண்ட் அட்டையை எடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். அட்டை மறைத்திருந்த ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வானம் அவ்வளவு நீலம், மற்ற இடமெல்லாம் வெளிறிப்போன சாம்பல். கீழ் மூலையில் பாதிக் கையெழுத்தும் 65 என்ற எண்ணும் இருந்தன. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெளிறிய வானத்துக்குக் கொஞ்சம் கலர் ஏற்றித் தருவீர்களா என்று கேட்டேன். "நான் ஃப்ரேம்தான் போடுவேன், கலர்ல கை வைக்க மாட்டேன். வேற யாரு வெச்சாலும் குடுத்துராத" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். ஆசிட் இல்லாத மவுண்ட் அட்டை போட்டார், கண்ணாடி ஓவியத்தில் ஒட்டாமல் நடுவில் இடைவெளி விட்டார், நம்ம பக்கத்து உப்புக் காற்றுக்குப் பின்பக்கம் முழுக்க டேப் அடித்தார். சுற்றுச் சட்டம் தேக்கு பீடிங். ஃபைபர் பீடிங் என்றால் பாதி விலையில் முடியும் என்று அவரே சொன்னார், நாங்கள்தான் தேக்கு கேட்டோம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதே, வெயில் மிச்ச நீலத்தையும் தின்றுவிடும் என்று அனுப்பினார்.

குறைகளும் உண்டு. தாமதம் ஒன்பது நாள், அதில் நாலு நாள் போனையே எடுக்கவில்லை. தொங்கவிடும் கம்பி மெல்லியது, எடை தாங்காது, நாங்கள் மாற்றினோம். வெறும் செய்தித்தாளில்தான் சுற்றித் தந்தார், ஆட்டோவில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

மாட்டிய அன்றைக்கு எதிர் வீட்டு ஆயா படி ஏறி வந்தார். ஒரு காலத்தில் காசிமேட்டில் மீன் விற்றவர், படிப்பகத்துக்குள் அதுவரை வந்ததே இல்லை. கண்ணாடி மேல் விரலை வைத்து, "இங்கதான் எங்கப்பா வலை காயப் போடுவாரு" என்றார். போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் இரண்டு பையன்கள் எழுந்து வந்து, கட்டுமரத்தில் எத்தனை கட்டை, எப்படிக் கட்டுவார்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கூரைக்கு வசூல் ரூ.31,000 வரை வந்திருக்கிறது, அதுவரை நீலத் தார்ப்பாய்தான். கடைக்குப் போகிறவர்கள் காலை 11 மணிக்குள் போங்கள், அப்புறம் அந்தச் சந்தில் தள்ளுவண்டியும் லோடும் நிற்கும், நுழைய முடியாது. பழைய ஃப்ரேமை வீட்டில் கழற்றாதீர்கள், அப்படியே கொண்டுபோய் அவர் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.