மல்லிகை பாடி வாஷ்: வாசத்துக்கு மார்க் போடலாம், முன்பக்க லேபிளுக்கு முட்டை

பைபாஸ் ரோட்டுல புதுசா திறந்த ஒரு பியூட்டி கடையில இந்த மல்லிகை பாடி வாஷ எடுத்தேன், 250 மில்லி 399 ரூவா. கம்பெனி பேர் வேணாம், இதே சரக்கத்தான் பல பேரு வேற வேற பாட்டில்ல விக்கிறாங்க.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் இருக்க ஊர்லயே மல்லிகைய பாட்டில்ல விக்க ஒரு தைரியம் வேணும்தான். வாசம் நெசமாவே நல்லாருக்கு, பாத்ரூம விட்டு வெளிய வந்தும் கொஞ்ச நேரம் நிக்குது. ஆனா பின்னாடி பொடி எழுத்துல, அதிகமா இருக்குறது முன்னாடி கம்மியா இருக்குறது பின்னாடிங்கிற வரிசைல, மொதல்ல தண்ணி, அப்புறம் நுரை வர்ற கெமிக்கல், கடைசிக்கு முந்துன வரில பினாக்ஸிஎத்தனால், அதுக்கும் கீழ மல்லிகைச் சாறு. அந்த பினாக்ஸிஎத்தனால் கெட்டுப்போகாம இருக்கப் போடுறது, 1 சதவீதத்துக்கு மேல போடக்கூடாது, அதுக்கும் பின்னாடி நம்ம மல்லி நிக்குதுன்னா எம்புட்டு இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. வாசம் வர்றது 'பர்ஃப்யூம்'னு ஒத்த வார்த்தைல போட்டிருக்க சமாச்சாரத்துல இருந்துதான்.

"சல்பேட் ஃப்ரீக்கா, பாரபென் ஃப்ரீக்கா"ன்னு கடைப் பொண்ணு ஒப்பிச்சுச்சு. சல்பேட்டுங்கிறது நுரை வர்ற கெமிக்கல், பாரபென் கெட்டுப்போகாம இருக்கப் போடுறது. சல்பேட் இல்லதான், அதுக்குப் பதிலா ஓலிஃபின் சல்ஃபோனேட் இருக்கு, அதுவும் நல்லா அழுக்கெடுக்குற சரக்குதான், ரொம்ப சாதுன்னு நெனச்சுக்காதீங்க. தேன் மாதிரி கெட்டியா இருக்குன்னு மதினி மயங்கிட்டாங்க, லேபிள்ல சோடியம் குளோரைடு இருக்கு பாருங்க, சாப்பாட்டு உப்புதான், அதப் போட்டாலே இந்த மாதிரி சரக்கு கெட்டியாயிரும்.

இம்புட்டு திட்டிட்டேன், ஒரு நல்லதும் சொல்லணும். எங்க ஏரியா போர் தண்ணி உப்புத் தண்ணி, சோப்பு போட்டா அதுல உள்ள கால்சியத்தோட சேந்து வெள்ளையா பிசுபிசுன்னு படியும், பக்கெட் ஓரம் பூரா அதான். பாடி வாஷ்ல அந்தப் படிவு கிடையாது, நுரையும் வருது, கழுவுனா சட்டுனு போயிருது. நம்மூருக்கு உண்மையிலேயே உதவுற விஷயம் இதுதான், இத பாட்டில் முன்னாடி ஒரு எடத்துலயும் போடல, எங்கிட்டு பாத்தாலும் பூப் படம்.

நல்ல தண்ணி வர்ற வீடுன்னா இம்புட்டு காசு வேண்டியதில்ல. சோப்பு அட்டைல டிஎஃப்எம் பாருங்க, அதாவது சோப்புல மொத்தக் கொழுப்புப் பொருள் எம்புட்டுங்கிற அளவு, 76 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா கிரேடு 1. 'பாத்திங் பார்'னு போட்டிருந்தா அது வேற கணக்கு, 40 இருந்தாலே போதும்னு விட்டிருக்காங்க.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா உள்ளங்கை நிறைய ஊத்தாதீங்க, பீர்க்கங்கா நார்ல கொஞ்சூண்டு விட்டாலே ஒடம்பு பூராவும் நுரை வருது.