பதினான்கு வேட்டைப் பருவம், இரண்டு ரைஃபிள்: ஓப்பன் சைட்டா, ஸ்கோப்பா?

என்னிடம் இரண்டு ரைஃபிள் இருக்கின்றன. ஒன்று பழைய லீவர் ஆக்‌ஷன், .30-30 தோட்டாவுக்கானது; விசையடியில் இருக்கும் பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வரும். வாங்கும்போது அதில் இருந்தது குறிபார்க்க ஒரு பின்வெட்டும் (சின்னப் பள்ளம்), குழல் முனையில் ஒரு பித்தளை மணியும் மட்டும்தான். ஓப்பன் சைட் என்பது இதுதான். இன்னொன்று .308 தோட்டாவுக்கான, பக்கக் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். அதன் முதுகில் 3-9×40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி; 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 40 மி.மீ.) ஏறி எட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய ஆறு வருஷமும் லீவர் மட்டுமே. புதிதாக உரிமம் வாங்கியவர்கள் "எது நல்லது?" என்று கேட்டால் முன்பெல்லாம் சட்டென்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். இப்போது நானே இரண்டு கேள்வி கேட்கிறேன். உங்களுக்கு வயது என்ன? கடைசியாகச் சுட்ட மிருகம் எத்தனை மீட்டரில் நின்றது?

ஓப்பன் சைட்டில் என்னைப் பழக்கியவர் மாமா. முதல் நாள் அட்டைப் பெட்டியில் ஒரு வட்டம் வரைந்து ஐம்பது மீட்டரில் வைத்தார். ஐந்து தோட்டாவும் பெட்டி முழுக்கச் சிதறின. "மாப்ளே, நீ வட்டத்தைப் பாக்குற. வட்டம் எங்கயும் ஓடாது. மணியைப் பாரு" என்றார். அன்றைக்கு அது புரியவில்லை. பின்வெட்டு, மணி, மிருகம் மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பிடிக்க முடியும். மணி துல்லியமாக இருக்க வேண்டும், மற்ற இரண்டும் கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் போதும். எதிரே பன்றி நிற்கும்போது அதை மங்கவிட்டு, கைக்கு அருகே இருக்கும் ஒரு பித்தளைப் பொட்டைப் பார்ப்பதற்கு மனசு இலேசில் ஒப்பாது. எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. என் லீவரில் பின்வெட்டுக்கும் மணிக்கும் இடையே ஏறக்குறைய 40 செ.மீ. மணி வெட்டின் நடுவிலிருந்து 1 மி.மீ. விலகினால் நூறு மீட்டரில் தோட்டா 25 செ.மீ. விலகும். மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் நம்பிச் சுடக்கூடிய இடமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மணியின் குறுக்களவு 2 மி.மீ. கண்ணிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருப்பதால், நூறு மீட்டரில் அதுவும் 25 செ.மீ. அகலத்தை மறைத்துவிடுகிறது. சுட வேண்டிய இடத்தை மணியே மூடிக்கொள்கிறது என்று அர்த்தம். ஓப்பன் சைட்டில் இருநூறு மீட்டரில் சாய்த்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். எத்தனை தப்பின என்று மட்டும் கேட்பேன்.

வெயில் விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. காலையில் சுட்டால் ஒரு பக்கம், மாலையில் சுட்டால் மறுபக்கம். ரைஃபிளில்தான் கோளாறு என்று பின்வெட்டைத் தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டிருந்தேன். கோளாறு மணியின் உருண்டையில் இருந்தது. வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்தால் மணியின் இடப்பாதி மட்டும் பளபளக்கும். கண் அந்தப் பளபளப்பையே முழு மணி என்று எடுத்துக்கொண்டு வெட்டின் நடுவில் வைக்கும். குழல் வலப்பக்கம் திரும்பியிருப்பது தெரியாது. தோட்டா எப்போதும் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போகும். மாமா தீக்குச்சியைக் கொளுத்தி மணிக்குக் கரி காட்டினார், அட்டையில் தோட்டாத் துளைகள் நெருங்கி ஒன்றுசேர்ந்தன. ஆனால் புதருக்குள் கறுத்த மணி கண்ணுக்கே அகப்படாது. கடைசியில் முகம் தட்டையாக இருக்கும் வேறொரு மணியை மாட்டிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இத்தனை குறை சொன்னாலும், புதர்க்காட்டில் அந்த லீவரைப் போல ஒன்று எனக்கு அமையவில்லை. எடை நடுவில் நிற்கிற இடத்தில் ஒரு கை சுற்றிப் பிடித்து நாள் முழுக்க நடக்கலாம். ஸ்கோப் ஏறிய ரைஃபிளில் சரியாக அந்த இடத்தில்தான் ஸ்கோப் உட்கார்ந்திருக்கும். மழையில் வெட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால், ஊதிவிட்டால் போச்சு. இருபது மீட்டரில் பன்றி குறுக்கே பாய்ந்தால், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத் தூக்கிச் சுடலாம். 1894-ல் வந்த வின்செஸ்டர் வகை லீவர்களில் காலித் தோட்டா மேல்நோக்கித் துள்ளும். நடுவில் ஸ்கோப் வைத்தால் அதில்தான் போய் முட்டும். பக்கவாட்டில் வெளியேற்றும் மார்லின் 336-ல் அந்தச் சிக்கல் இல்லை. என்னுடையது மேலே துள்ளும் ரகம். ஆகவே அதில் ஸ்கோப்பா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை.

பிறகு .308 வந்தது. புது ரைஃபிள்கள் பெரும்பாலும் மொட்டைக் குழலோடுதான் விற்கின்றன, சைட்டே இருக்காது. ஸ்கோப் வாங்கியே தீர வேண்டும். முதல்முறை அதற்குள் பார்த்தபோது, கண்ணுக்கு இருந்த பழைய சங்கடம் ஒரே நொடியில் போனதுபோல இருந்தது. குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில், இரண்டும் தெளிவு. பாயில் படுத்துச் சுட்டதில் மூன்று தோட்டா ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. அன்றிரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு கர்வம்.

கர்வம் அடுத்த வாரமே இறங்கியது. முதல் பன்றி முப்பது மீட்டரில், நடந்தபடி வந்தது. நான் ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்திருந்தேன். தூக்கிப் பார்த்தால் இலை. நகர்த்தினால் கிளை. மறுபடி நகர்த்தினால் ஏதோ கறுப்பு மயிர், முதுகா தொடையா தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. 9 மடங்கில் நூறு மீட்டரில் தெரியும் அகலமே நான்கு மீட்டர் சொச்சம்தான். முப்பதில் ஒன்றரை மீட்டர்கூடத் தேறாது. 3-இல் வைத்திருந்தால் நூறு மீட்டரில் பத்து மீட்டர் கிடைக்கும். அன்றிலிருந்து நடக்கும்போது உருப்பெருக்க வளையம் 3-ஐ விட்டு நகராது. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். தலையைக் குனிந்து ஸ்கோப்பைத் தேடக்கூடாது. மிருகத்தின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் ரைஃபிளைக் கன்னத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தக் கன்னம் ரைஃபிளின் பின்கட்டையில் படிய வேண்டும் என்பதும் சின்ன விஷயமில்லை. ஓப்பன் சைட்டுக்குச் செதுக்கிய கட்டையில் ஸ்கோப்பை ஏற்றினால் கண்ணுக்கு உயரம் பற்றாது. தாடையை வைத்துக்கொண்டு அந்தரத்தில் பார்க்க வேண்டியிருக்கும். பெரிய லென்ஸ் வேண்டும் என்று 56 மி.மீ. வாங்குபவர்களுக்கு இது இன்னும் மோசம். லென்ஸ் குழலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பைத் தாங்கும் வளையத்தை உயர்த்த வேண்டும், கண் இன்னும் மேலே போகும். கண் நேராக இல்லாவிட்டால் ஓரத்தில் பிறை நிலா மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழும். என் ஸ்கோப்புக்குக் கண் 9 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். மேட்டை நோக்கிச் சுடும்போது உடம்பு முன்னால் சாய்ந்துவிடும், அந்த இடைவெளி குறைந்துவிடும். ஒரு தடவை அப்படித்தான் புருவத்தில் அரை நிலா வடிவத்தில் வெட்டு வாங்கினேன். தழும்பு இப்போதும் இருக்கிறது. வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை.

ஸ்கோப்பால் நேர்ந்ததில் எனக்கே நம்ப முடியாதது பாறைச் சம்பவம். ஒரு பாறை விளிம்பில் ரைஃபிளைச் சாய்த்து, தொண்ணூறு மீட்டரில் நின்ற மானைப் பார்க்கிறேன். குறுக்குக்கோட்டுக்கு முன்னால் ஒரு புல்கூட இல்லை, சுத்தமான காட்சி. விசையை அழுத்தினேன். முகத்தில் கல்தூள் அடித்தது. ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவிலிருந்து 4 செ.மீ. மேலே இருக்கிறது. ஸ்கோப்புக்குப் பாறை தெரியவில்லை, குழலோ பாறைக்கு நேராக நின்றது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதது என் அதிர்ஷ்டம். நூறு மீட்டருக்கு ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த) ரைஃபிள் பத்து மீட்டரில் 3 செ.மீ. கீழே சுடுவதும் இந்த உயர வித்தியாசத்தால்தான். லீவரில் சைட் குழலோடு ஒட்டியே இருப்பதால் இப்படி ஒன்று நடக்கும் என்று யோசித்ததேயில்லை. இப்போது எதன்மேல் சாய்த்தாலும் தலையைத் தூக்கி, குழல்முனைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார்க்காமல் சுடுவதில்லை.

ஸ்கோப்பை மாட்டித்தந்த கடைக்காரர் வளையத் திருகுகளைச் சரியாக முடுக்கவில்லை. இரண்டாவது பருவத்தில் குறி மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது, நான் என் கையைச் சந்தேகித்தேன். ஸ்கோப்பின் குமிழைக் கிளிக் கிளிக்காகத் திருகித் திருத்துவேன், மறுவாரம் வேறெங்கோ போகும். ஒரு நாள் ஸ்கோப்பைப் பிடித்து இலேசாக அசைத்தேன், அசைந்தது. கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அளவு காட்டும் திருப்புளியால் நானே முடுக்கினேன். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் வளையத்துக்கு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். கிளிக்கிலும் ஒரு தப்புச் செய்தேன். கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) கிளிக் என்றால் நூறு மீட்டரில் சுமார் 7 மி.மீ. ஐம்பது மீட்டரில் அது பாதிதான். அது உறைக்காமல் ஐம்பதில் வைத்துத் திருத்தி, எதுவும் நகரவில்லையே என்று ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கினேன்.

குளிர்காலையில் மூச்சுக்காற்று பட்டுக் கண்பக்க லென்ஸ் பனித்துப்போகும். உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பது உட்புறத்துக்குத்தான், வெளியே படிவதை அது தடுக்காது. சட்டைப் பையில் துணி ஒன்று எப்போதும் இருக்கும்.

சரி, ஸ்கோப் எதற்கு லாயக்கு? அந்தி நேரத்துக்கு. பின்வெட்டும் மணியும் இருட்டில் கரைந்த பிறகும் ஸ்கோப்பில் பத்துப் பதினைந்து நிமிஷம் கூடுதலாகக் கிடைக்கும். அதுவும் உருப்பெருக்கத்தைக் கீழே இறக்கினால்தான். லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அளவு: 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ., 6-இல் 6.7. இருட்டில் இளவயதுக் கண்பாவை 7 மி.மீ. வரை விரியும், வயதானால் அவ்வளவு விரியாது. மங்கலாக இருக்கிறதே என்று 9-க்குத் திருகினால் காட்சி பெரிதாகும், இருட்டும் கூடும். ஒரு மாலை 5-இல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மானுக்குப் பின்னால் புல்லுக்குள் ஒரு குட்டியின் காது அசைந்தது. மணி வழியாகப் பார்த்திருந்தால் அந்தக் காது தெரிந்திருக்காது. ரைஃபிளை இறக்கிவிட்டேன். மிருகத்தைத் தேடுவதற்குப் பைனாகுலர்தான். ஸ்கோப்பால் துழாவினால், புதருக்குள் அசைவது மனிதனாக இருந்தால் அவன்மேல் குழலை நீட்டியிருப்பீர்கள்.

அதே ஸ்கோப்தான் என்னை ஒரு தப்பான வெடிக்கும் இழுத்தது. 260 மீட்டர், குறுக்குக் காற்று, 9 மடங்கில் மான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரிந்தது. வயிற்றில் பட்டது. இரத்தச் சுவடு பிடித்து இருட்டும் வரை நடந்து, மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தேன். அந்த வெடிக்கு ஸ்கோப்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் லீவர் கையில் இருந்திருந்தால் அந்த வெடியே நடந்திருக்காது, இன்னும் நூற்றைம்பது மீட்டர் தவழ்ந்திருப்பேன். நோட்டில் குறித்து வைத்திருக்கும் தூரங்களைப் புரட்டினால் நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவை நூறு மீட்டருக்குள். 9 மடங்கு எனக்கு வேலை செய்தது முக்கியமாக அட்டையில் ஜீரோ பார்க்கத்தான். இன்றைக்கு வாங்குவதானால் 1-4 அல்லது 2-7, எடை குறைந்தது, சட்டென்று கழற்றிமாட்டும் வளையத்தோடு. அடியில் ஓப்பன் சைட்டும் இருக்கும்படி குழல் பார்த்து வாங்குவேன்.

வயதைக் கேட்டதற்குக் காரணம் வெள்ளெழுத்து. நாற்பத்துமூன்றில் எனக்கு வந்தது. முதலில் செய்தித்தாள் தள்ளிப் போனது, பிறகு மணி பஞ்சாகிவிட்டது. படிக்கிற கண்ணாடியைப் போட்டால் மணி தெரிகிறது, மான் மறைந்துவிடுகிறது. லீவரை விற்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பின்வெட்டை எடுத்துவிட்டு, கண்ணுக்கு அருகே துளை சைட் மாட்டச் சொன்னார்கள். அது பெரிய திருப்பம். துளையைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும், கண் தானாக நடுவைப் பிடித்துக்கொள்ளும். சின்னத் துளை மங்கலையும் குறைக்கிறது. துளை கண்ணருகே வந்ததால் சைட்டுகளுக்கு இடையேயான நீளமும் கூடிற்று, பழைய 1 மி.மீ. தவறு அவ்வளவு பெரிதாக விரிவதில்லை. அந்தியில் சின்னத் துளையுள்ள உள்வட்டைத் திருகி எடுத்துவிட்டால் பெரிய துளையாகிவிடும். நாற்பதைக் கடந்தவர்கள் ஓப்பன் சைட்டைக் கைவிடுவதற்கு முன் இதை ஒரு தரம் முயன்று பார்க்கலாம்.

ரெட் டாட் என்ற, கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்டை நண்பருடையதில் இரண்டு நாள்தான் பயன்படுத்தினேன். ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975-ல் தொடங்கிவைத்த ரகம். நெருங்கிய தூரத்துக்கும் வெள்ளெழுத்துக்கும் அருமை. ஆனால் எனக்குக் கொஞ்சம் ஆஸ்டிக்மாட்டிஸம் (கண்ணின் வளைவுக் குறை) உண்டு, புள்ளி நட்சத்திரமாகச் சிதறித் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

மாமாவுக்கு இப்போது எழுபது. போன பருவம், சுடுமிடத்தில் குண்டில்லாத .308-ஐ அட்டைப் பக்கம் நீட்டிக் கொடுத்தேன். ஸ்கோப்புக்குள் வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் தெரியுது மாப்ளே. மணியை எங்கடா வச்சான்?" என்றார். பிறகு தோட்டா கேட்டு வாங்கி, நூறு மீட்டரில் மூன்று போட்டார். மூன்றும் என் உள்ளங்கை அளவுக்குள். எழுந்து லீவரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "இதை நீ தூக்கிட்டு வா" என்று .308-ஐக் காட்டிவிட்டு முன்னால் நடந்தார்.